அப்போதிக்கரியார் வார்ட் சுற்றிய வீதி

மரக்கன்றுக்கு ஊற்றவென்று கொண்டுபோன தண்ணீரை நடுவழியில் நானே குடித்து முடித்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட இது நல்லது. இளங்கன்றுகளைப் பராமரிப்பது பற்றி மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட ஒழுங்கு செய்த சைக்கிள் பவனி அது. பவனிக்கான துண்டுப்பிரசுரத்தை எழுதியவனும் நான்தான். 'ஒரு போத்தல் தண்ணீர், ஓர் உயிர்' என்று தலைப்பு வைத்திருந்தேன். ஊறணிச் சந்தி தாண்டியதும் அந்த உயிர் என்னுடையது என்று தோன்றிவிட்டது.

இந்தக் குற்றத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர் அப்போதிக்கரியார். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் மரத்துக்கு நாடி பிடித்துப் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான். இன்னொருவர் இருந்திருந்தால் அவரையும் இவர் படுக்கவைத்து நாக்கை நீட்டச் சொல்லியிருப்பார்.

அப்போதிக்கரி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. டொக்டருக்கு ஒரு படி கீழே, ஆனால் குரலில் இரண்டு படி மேலே இருந்த அரசாங்க வைத்தியர்கள் அவர்கள். நாட்டுப்புறத்து ஆஸ்பத்திரிகளைத் தனி ஆளாக நடத்தினார்கள். எங்கள் அப்போதிக்கரியார் சேவையில் இருந்த காலத்தில் காய்ச்சலுக்கும் காதல் தோல்விக்கும் ஒரே சிவப்புக் கலவைதான் கொடுத்தாராம். போத்தலை நோயாளி கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாதவனுக்கு மருந்து இல்லை, பேச்சு உண்டு. பேச்சைக் கேட்டே பாதிப்பேர் சுகமானார்கள் என்று எங்கள் ஊரான நாவற்குடாவில் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. யாருடைய பெயரும் அவருக்கு நினைவிருக்காது. வருத்தம், அதாவது நோய், நினைவிருக்கும். ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், இந்த முனையில் இருந்துகொண்டு அந்த முனையில் இருந்த அரிசி ஆலை முதலாளியைப் பார்த்து, "என்ன முதலாளி, இப்ப நோகாமக் குந்தி இருக்க ஏலுதா? அந்தக் களிம்பு பூசுறீர்தானே?" என்று கேட்டார். முதலாளி பாயாசம் வருமுன்பே எழும்பிப் போனார். "இருக்க ஏலாமத்தான் போறாரு" என்று பக்கத்து இலைக்காரருக்கு அப்போதிக்கரியார் விளக்கம் கொடுத்தார்.

சுனாமிக்குப் பிறகு, கடற்கரையில் வீடிழந்தவர்களைக் கொண்டுவந்து தன்னாமுனைப் பக்கத்தில் ஒரு வெட்டையில் குடியேற்றினார்கள். ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு வரிசை வீடுகள். நடுவே ஒரு மண் வீதி. தலைக்கு மேலே வெயில். மருந்துக்குக்கூட ஒரு மரமில்லை. அங்கே யாரும் கடலைப் பற்றிப் பேசமாட்டார்கள். வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். அதற்கு முன் அவர்கள் இருந்த முகாமில் வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுக்கப் போன அப்போதிக்கரியார், அவர்கள் வீடு மாறியபோது தானும் பின்னாலேயே வந்துபோகத் தொடங்கிவிட்டார். என்றாலும் கொஞ்ச நாளில் வயிறுகளெல்லாம் சரியாகிவிட்டன. மனிதர் வேலையில்லாமல் தவித்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு நிறுவனம் மரம் நட வந்தது. நாலு வாகனம், இரண்டு கூடாரம், ஒரு பெரிய பலகை. விருந்தினர்கள் ஆளுக்கொரு கன்றை நட்டு, படம் பிடித்து, குளிர்பானம் குடித்து, பின்னேரமே திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த வெட்டையில் நிழல் தந்தது பலகை மட்டும்தான். ஆடுகள் அந்த நிழலில் படுத்து, ஆறுதலாக எழும்பி, கன்றுகளை ஒவ்வொன்றாகத் தின்றன.

"பெத்துப் போட்டுட்டு ஓடிட்டானுகள்" என்றார் அப்போதிக்கரியார். அன்று தொடங்கியது வைத்தியம்.

மிஞ்சிய கன்றுகளுக்கு அவர் கட்டில் இலக்கம் கொடுத்தார். மண் வீதிதான் வார்ட். கழுவிய சேலைன் போத்தல்களை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பு, கம்பில் தலைகீழாகப் போத்தல், போத்தலில் இருந்து வேரடிக்கு ஒரு ரியூப். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். ஆடு நெருங்காமல் கிழிந்த மீன்வலையைச் சுற்றிக் கட்டினார். தினமும் காலையில் நாவற்குடாவில் இருந்து சைக்கிளில், வெள்ளை நீளக்கைச் சட்டையும் பையில் டோர்ச்சுமாக வந்து, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். காதுக்குழாயை மட்டும் மரத்தில் வைக்கவில்லை என்று அவர் சொல்வார். வைத்ததைக் கண்ட சாட்சிகள் இருக்கிறார்கள். தப்பாத கன்றின் இடத்தில் அடுத்த மாரியில் புதுக் கன்று வைப்பார். கட்டில் ஒருநாளும் காலியாக இருக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

எல்லா வைத்தியமும் பலித்தது என்று சொல்லமாட்டேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் நெருப்புத்தான். ஒருநாள் இரண்டு வேம்பு வாடி நின்றதைக் கண்டு ஒரு குவளையில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். கடைசி வீட்டில் இடியப்பம் அவித்து விற்கிற பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பெரியய்யா கலக்குறீங்க?"

"உப்பும் சீனியும். நீர் வத்திப்போய் நிக்கிறது தெரியல்லயா?"

"அது வயித்தால போறவங்களுக்குத்தானே?"

"நீ இடியப்பத்தப் பாரு புள்ள. நீர் வத்தினா ஆருக்கும் இதுதான் மருந்து."

சீனிக்கு எறும்பு வந்தது. உப்புக்கு மரணம் வந்தது. அப்போதிக்கரியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "கேஸ் கைமீறிப் போச்சு" என்றார். பாக்கியம் வீட்டுக்குள் ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அன்றிலிருந்து வெறும் தண்ணீர்தான் மருந்து. அதையும் தானே கண்டுபிடித்த மாதிரித்தான் ஊற்றுவார்.

யுத்தம் மும்முரமாக இருந்த காலத்தில் அந்தக் குடியேற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்றி, இராணுவக் காவலரண், போட்டார்கள். புதிதாக வந்த இராணுவத்தினர் விடியற்காலையில் எழும்பிப் பார்த்தால், வீதி நீளத்துக்குக் கம்புகள், கம்புகளில் போத்தல்கள், போத்தல்களில் இருந்து மண்ணுக்குள் ரியூப்கள். குண்டென்று நினைத்துக் குப்புறப் படுத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் படுத்துத்தான் இருப்பேன். வீதியை இரண்டு பக்கமும் மறித்து, சனத்தை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் அப்போதிக்கரியார் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார். துவக்குகள் அவர் பக்கம் திரும்பின. மனிதர் இறங்கி, நேரே போய்க் கன்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிச் சிங்களத்தில் சொன்னார்:

"மெயாட்ட சனீப நே, மாத்தயா."

இவருக்குச் சுகமில்லை ஐயா, என்று அர்த்தம். அதிகாரி கன்றைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். யாருக்குச் சுகமில்லை என்பதில் அவருக்கு ஒரு முடிவு இருந்திருக்க வேண்டும். ஆனாலும் சிரித்துவிட்டார். அப்போதிக்கரியார் அத்துடன் விடவில்லை. அதிகாரியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, இரத்தம் குறைவு, கீரை சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வார்ட் சுற்றப் போனார். பிறகு அந்தச் சென்றிப் பையன்களில் ஒருவன் ஆடு வந்தால் கல்லெறிந்து கலைப்பான் என்று கேள்வி.

யுத்தம் முடிந்த ஆண்டு எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எங்கள் வாசகர் வட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே சைக்கிள் ஓடுவதென்று தீர்மானித்தோம். நாவற்குடாவில் தொடங்கி, கல்லடிப் பாலம் கடந்து, நகரத்துக்குள்ளால் போய், தன்னாமுனைக் குடியேற்றத்தில் முடிப்பது. சேரும் பணத்தில் கன்றுகளுக்கு இரும்புக் கூடு செய்வது. மாமாங்கக் கோயில் திருவிழா தொடங்கினால் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அதற்கு முன் வைத்துவிட வேண்டும் என்று அமிர்தகழி உறுப்பினர் ஒருவர் எச்சரித்தார்.

அப்போதிக்கரியாரையும் கூட்டத்துக்கு அழைத்தோம். அதுதான் நாங்கள் விட்ட பிழை. எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், எழும்பி நின்று கம்பீரமாகச் சொன்னார்: "ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தகடு. அதில் அந்த வீட்டுக் குடும்பத் தலைவரின் பெயர். அவரே பொறுப்பாளர். தகடுகள் எழுதியாகிவிட்டன."

"ஆர்ர பேர்?" என்றார் அப்போதிக்கரியார்.

"வீட்டுத் தலைவர். புருசன்மார்."

"நீர் இருக்கிற வீடு ஆர்ர?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியுடையது என்பதை மெதுவாகச் சொன்னார்: "மனிசிட."

"இவர்ர?" என்று அப்போதிக்கரியார் என்னைக் காட்டினார்.

"என்ட மனிசிட வீடுதான் ஐயா" என்றேன்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்ணுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுப்பார்கள். ஆணுக்கு ஒரு சூட்கேஸ் கொடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அவன் பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்தக் கூட்டத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் சூட்கேஸோடு வந்தவர்கள்தான். மரத்தை அப்படிப்பட்டவர்கள் பெயரில் எழுதியிருந்தோம்.

"சண்ட வந்தா இவன் சூட்கேஸத் தூக்கிட்டு அம்மாட்டப் போயிருவான்" என்றார் அப்போதிக்கரியார். "மரமும் பின்னால போகுமா? வளவு பொம்பிளைட. கிணறு பொம்பிளைட. மரக்கண்டும் அவட பேருலதான் இருக்கணும். மத்தது, ஓடுறவன் ஒவ்வொருத்தனும் சைக்கிள்ள ஒரு போத்தல் தண்ணி கட்டிட்டு வரணும். குடிக்கிறதுக்கில்ல. அங்க வந்து தனக்குத் தந்த கட்டிலுக்கு ஊத்தி, அந்த வீட்டுப் பொம்பிளைட கையில கண்ட ஒப்படைக்கணும்."

"ஏன் ஐயா இவ்வளவு அவசரம்?" என்று தலைவர் கேட்டார்.

அப்போதிக்கரியார் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே, வேறு யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: "கொழும்புக்குப் போறன். நெஞ்ச வெட்டித் திறந்து ஏதோ தைக்கப்போறானுகளாம். மறுகா மாசக் கணக்கா அசையக் கூடாதாம். கச்சான் இப்பதான் தொடங்கியிருக்கு. போன மாரிக்கு வச்ச கண்டுகளுக்கு இன்னும் வேர் கீழ இறங்கல்ல. மழ வருமட்டும் தண்ணி விடாட்டி ஒண்டும் மிஞ்சாது. நான் திரும்பி வந்து பாக்கக்குள்ள எல்லாக் கட்டில்லயும் ஆள் இருக்கணும்."

தகடுகளுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தோம். கந்தசாமி அழிந்து மனோன்மணி வந்தாள்.

பவனியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கல்லடிப் பாலம் வரையில் நான் நடுவில் இருந்தேன். நகரத்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பின்னால் இருந்தேன். ஊறணியில் எனக்குப் பின்னால் ஐஸ்கிறீம் வண்டிக்காரர் மட்டும் இருந்தார். அவரும் முந்திக்கொண்டு போகும்போது, "அண்ணே, ஒரு பழ ஐஸ் தரட்டா?" என்று இரக்கமாகக் கேட்டார். விழிப்புணர்வு ஊட்டுகிறவன் நடுவீதியில் ஐஸ் உறிஞ்சுவது சரியில்லை என்று மறுத்துவிட்டேன். அந்த வீரம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பக்கவாட்டில் கச்சான் அடித்தது. வாய் ஓலைப்பாய் மாதிரி காய்ந்தது. ஹேண்டிலில் தண்ணீர்ப் போத்தல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மிடறுதான் என்று நினைத்தேன். மரத்துக்கு மிச்சம் போதும் என்று அடுத்த மிடறு. இவ்வளவு கொஞ்சத்தை ஊற்றினால் மரத்துக்குத்தான் அவமானம் என்று கடைசி மிடறு.

குடியேற்றத்துப் பெண்கள் வீதி முனையில் குரவையிட்டு எல்லோரையும் வரவேற்றார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் கலைந்து கொண்டிருந்தார்கள். "இன்னுமொராள் வாறாரு, குரவ போடுங்க கா" என்று பாக்கியம் கூப்பிட்டது கேட்டது. ஒருத்தி நின்று, என் கோலத்தைப் பார்த்து, பாதிக் குரவை போட்டாள்.

எனக்குக் கிடைத்தது கடைசிக் கட்டில். ஒரு நாவல் கன்று. எந்த வீட்டு வளவிலும் சேராமல், பாக்கியத்தின் வேலிக்கும் பொதுக் கிணற்றுக்கும் நடுவே நின்றது. அப்போதிக்கரியார் அதற்குப் பக்கத்தில் காத்திருந்தார். வெறும் போத்தலை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"எங்க தண்ணி?"

"ஐயா, வழியில..."

"உமக்கு என்ன வருத்தம்?"

"தாகம் ஐயா."

"அதுக்கும் தாகம்தான். அது ஆர்ர போத்தலக் குடிச்சிச்சு?"

எங்கள் வட்டம் முழுவதும் வட்டமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர் வானத்தைப் பார்த்தார். நான் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளினேன். இரண்டாவது வாளி பாதியில் வரும்போது கண் இருட்டி, கிணற்று விளிம்பில் குந்திவிட்டேன். அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தார். ஏதோ கேட்டார். வீட்டில் அப்பாவுக்கு என்ன வருத்தம் இருந்தது, நான் எத்தனை தேத்தண்ணி குடிப்பேன், எத்தனை கரண்டி சீனி. சொன்னேன். கையை விட்டார்.

"இந்தக் கண்டுக்கு வீட்டுப் பொம்பிளை இல்ல. ஆகவே உமக்குத்தான் பொறுப்பு. கச்சான் முடியுமட்டும் ஞாயிறுக்கு ஞாயிறு வந்து ஊத்தணும். மோட்டார் சைக்கிள்ள வரக்கூடாது, புகை கண்டுக்கு ஆகாது. பஸ்ஸிலயும் வரக்கூடாது."

"பஸ் ஏன் ஐயா?"

"நான் டொக்டரா, நீர் டொக்டரா?"

இரண்டு பேருமே இல்லை என்று சொல்ல வந்து, வாளியை எடுத்துக்கொண்டு கன்றடிக்குப் போனேன். அடுத்த கிழமை அவர் கொழும்புக்குப் போய்விட்டார்.

நான் போனேன். ஏன் போனேன் என்று என் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலை விட்டு அசையாத மனிதன், நாவற்குடாவில் இருந்து தன்னாமுனைக்குச் சைக்கிள் மிதிப்பதை அயலவர்கள் வேறு மாதிரிப் பேசத் தொடங்கினார்கள். "அந்தப் பக்கம் ஆர் இருக்கிறா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். நாவல் என்றேன். எந்த நாவலும் வீட்டில் இருந்தே வாசிக்கலாம் என்றாள்.

கொழும்பில் இருந்து செய்தி நல்லதாக வரவில்லை. ஒப்பரேஷன் முடிந்தது, காய்ச்சல் பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு இன்னும் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இரண்டு வாளி அதிகமாக ஊற்றினேன். கன்றின் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாது. அவர் பார்ப்பாரே என்று பார்த்தேன். பாக்கியம் இடியப்பச் சட்டியோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எப்பிடி ஐயா இருக்காம்?" என்று கேட்பாள். அவரைக் கேட்கிறாளா மரத்தைக் கேட்கிறாளா என்று தெரியாமல், "இருக்கு" என்பேன்.

கடைசியில் மாரி மழை பெய்தது. இரண்டாவது மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டோவில் அப்போதிக்கரியார் வந்து இறங்கினார். பாதி ஆளாக இருந்தார். வெள்ளைச் சட்டை கொடியில் காயப்போட்டது மாதிரித் தோளில் தொங்கியது. ஆனால் டோர்ச் பையில் இருந்தது. கூட வந்த தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போனார். மனோன்மணி தன் வேம்பைத் தொட்டுக்காட்டி, "என்ட புருசன் சண்ட பிடிச்சுப் போயிட்டாரு ஐயா. இது இஞ்சதான் நிக்குது" என்றாள். ஒரு கட்டில் மட்டும் காலி. "என்ன நடந்தது?" என்றார். "ஆடு ஐயா" என்றார்கள். "மாரி இருக்குதானே, இன்னொண்டு வை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கடைசிக் கட்டிலுக்கு வந்தார். நாவல் என் தோளுயரம் வளர்ந்து, தளதளவென்று, எல்லாவற்றையும்விடச் செழிப்பாக நின்றது. நான் பக்கத்தில் நின்றேன், பரிசளிப்பு விழாவில் நிற்கிறவன் மாதிரி. அவர் மரத்தைத் தொடவில்லை. என்னை மேலிருந்து கீழே பார்த்தார். என் இடுப்புப் பட்டியில் புதிதாகக் குத்திய துளையைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து, உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தார்.

"நல்லம்" என்றார். திரும்பி, மெதுவாக நடந்து போய் ஓட்டோவில் ஏறினார்.

வாழ்நாளில் அவர் யாருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. ஓட்டோ போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பாக்கியத்திடம் சொன்னேன்: "பாத்தீங்களா, ஒரு ஞாயிறும் தவறல்ல. அதுதான் இப்பிடி வளந்திருக்கு."

பாக்கியம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

"கோவிக்கப்படாது ஐயா. கிழமைக்கு ஒருக்கா ஊத்தி எந்தக் கண்டு கச்சானத் தாண்டும்? விடியக்காலம விடியக்காலம இடியப்பத்துக்கு அரிசி கழுவின தண்ணிய நான்தான் ஊத்தினன். பெரியய்யா கொழும்புக்குப் போகக்குள்ள சொல்லிட்டுப் போனவரு. 'அந்த மனுசனுக்குச் சீனி வருத்தம் வரப் பாக்குது புள்ள. சைக்கிள் ஓடுங்க எண்டு சொன்னா ஓடமாட்டாரு. மரத்தச் சாட்டி ஓடட்டும்' எண்டு."

நான் இடுப்புப் பட்டியின் புதுத் துளையைத் தடவிப் பார்த்தேன்.

"இன்னொண்டும் சொன்னவரு" என்றாள். "'மரத்த மட்டும் அவர நம்பி விட்டுராத' எண்டு."